குர்ஷித்துக்கு மருந்து வந்த வழி

நசீர் அகமது என்று பெயர் சொன்னால் எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. மெத்தைக்கார பாய் என்றால் திருவண்ணாமலை முழுக்கத் தெரியும். பே கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு அவருடையது. இலவம் பஞ்சை வில்லால் அடித்து மெத்தையும் தலையணையும் தைப்பார். அவர் வேலை செய்கிற நாட்களில் எங்கள் வீட்டு வாசலில்கூடப் பஞ்சு பறந்து கொண்டிருக்கும். அவருடைய மூத்த மகள் குர்ஷித் பேகமும் நானும் ஒரே வகுப்பு. அவளுடைய கதையைத்தான் சொல்லப் போகிறேன். நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம், அவள் வாயால் கேட்டது மிச்சம்.

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, எழுபத்து மூன்றாம் வருஷம், குர்ஷித் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். பாடம் நடக்கும்போதே எழுந்து பானைக்குப் போவாள். வந்து உட்கார்ந்ததும் வெளியே போக வேண்டும் என்பாள். டீச்சர் திட்டினால் அழுவாள், ஆனால் போய்விடுவாள். முகம் ஒடுங்கிக் கொண்டே வந்தது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. அவளுடைய அம்மா முன்னி பேகம் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று ஓதி ஊதித் தாயத்துக் கட்டினார். ஒரு நாள் காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை வந்தது.

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் குனிந்து அந்த வாசனையைப் பார்த்ததுமே, இங்கே வைத்துக்கொள்ள முடியாது, உடனே வேலூருக்குக் கொண்டு போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். வாடகைக் காரில் மகளை மடியில் போட்டுக்கொண்டு நசீர் பாய் போனார். குர்ஷித் கண் திறக்க இரண்டு நாள் ஆயிற்று.

வேலூர் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த டாக்டரம்மா, பாயையும் முன்னி பேகத்தையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாராம். இது சர்க்கரை வியாதி. வயதானவர்களுக்கு வருவது மாதிரி இல்லை. இவள் உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுவிட்டது. இனி அதை வெளியிலிருந்து ஊசியாகக் கொடுக்க வேண்டும், காலையும் மாலையும், ஆயுசுக்கும். முன்னி பேகம் அழுதார். பாய் ஒன்றே ஒன்று கேட்டார்.

"போட்டா இருப்பாளா, டாக்டரம்மா?"

"போட்டா இருப்பா. எல்லாரையும் மாதிரி இருப்பா."

அந்தப் பதிலை அவர் பிடித்துக்கொண்டார். பிறகு உறவுக்காரர்கள் வந்து, பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டதே, இனி யார் கட்டுவார்கள், எத்தனை நாளைக்கு இந்த மருந்து என்று கேட்கும்போதெல்லாம் அந்த வார்த்தையைத்தான் திருப்பிச் சொல்வார். எல்லாரையும் மாதிரி இருப்பாளாம்.

ஆஸ்பத்திரியிலேயே எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்து அனுப்பினார்கள். கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்க வைப்பது, மருந்துப் புட்டியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலக்குவது, தொடையில் இடம் மாற்றி மாற்றிப் போடுவது. சிறுநீரில் சில சொட்டு எடுத்து நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்ப்பது. நிறம் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறி செங்கல் நிறத்துக்கு வந்தால் சர்க்கரை ஜாஸ்தி. முன்னி பேகம் ஊசியை எடுப்பார், உடனே கீழே வைத்துவிடுவார். பாய் ஒரு சாத்துக்குடியில் குத்திக் குத்திப் பழகினார். குர்ஷித் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, குடுங்க நானே போட்டுக்கறேன் என்று வாங்கிக் கொண்டாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

அந்தக் காலத்தில் ஒரே ஊசியை வாரக்கணக்கில் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்துப் போடுவார்கள். முனை மழுங்கிவிட்டால் தோலைக் கிழித்துக்கொண்டு போகும். புது ஊசி அடிக்கடி வாங்கக் கட்டாது. பாய் தன் சாணைக் கல்லில் அதன் முனையைத் தீட்டுவார். தீட்டிவிட்டு ஒரு சிட்டிகைப் பஞ்சில் மெதுவாக இழுத்துப் பார்ப்பார். ஒரு இழை மாட்டினாலும் மறுபடி கல்லுக்குப் போகும். பஞ்சு அப்படியே வழுக்கி விழுந்தால்தான் கொதிநீரில் போடுவார். தன் மகளுக்கு வலிக்கக்கூடாது என்பதற்கு அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதைக் கடைசி வரை வேறு யாரையும் செய்ய விடவில்லை.

முதல் வருஷத்தில் தெருவில் யாரோ முன்னி பேகத்திடம், அந்த மருந்தைப் பன்றியிலிருந்து எடுக்கிறார்களாமே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாட்டிலிருந்தா பன்றியிலிருந்தா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. முன்னி பேகம் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். பாய், மகள் காலை ஊசி போட்டு முடிகிற வரை பக்கத்திலேயே இருந்துவிட்டு, அதன் பிறகுதான் பள்ளிவாசலுக்குப் போய் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்திடம் கேட்டார். உயிரைக் காப்பாற்ற வேறு மருந்து இல்லாதபோது அதில் குற்றமில்லை, தயங்காமல் போடுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார். வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று பிற்பாடு குர்ஷித் கேட்டிருக்கிறாள். மாலை ஊசிக்கு முனையைத் தீட்டி வைத்துவிட்டுத்தான் போனேன் என்றாராம் பாய்.

செலவுதான் அவர்களை உலுக்கியது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததில் ஆஸ்பத்திரியிலேயே பாதி விலைக்கு மருந்து கிடைத்தது. அந்தப் பாதியே அவர்களுக்குப் பெரிது. மெத்தை என்பது மாதா மாதம் வாங்குகிற பொருளா? கல்யாண மாசங்களில் கை நிறைய வேலை இருக்கும், ஆடியிலும் மழைக் காலத்திலும் வில் சுவரில் தொங்கும். மருந்துக்கு ஆடியும் ஐப்பசியும் தெரியாது. பாய் செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் அறை வாடகைக்கு விடுகிறவர்களைத் தேடிப் போனார். வந்து தங்குகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், மெத்தைகள் அமுங்கிப் போகும். அவற்றைப் பிரித்து, பழைய பஞ்சை அடித்து, வெயிலில் போட்டுத் திரும்பத் தைத்துத் தருகிறேன் என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டார். அப்படி வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் வேலை வர வழி பண்ணிக்கொண்டார். முன்னி பேகம் வீட்டிலிருந்தபடியே தலையணை உறை தைத்தார்.

அடுத்த வருஷம் மழைக் காலத்தில் குர்ஷித் மறுபடி மெலிந்தாள். பள்ளிக்கூடத்தில் டெஸ்க்கில் தலை சாய்த்தபடியே இருந்தாள். நிறம் என்ன வந்தது என்று அம்மா கேட்டால் பச்சை என்பாள். மருந்து வாங்க வேலூருக்குக் கிளம்ப வேண்டிய நாளன்று பாய் மருந்துப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலியாக இருக்க வேண்டிய புட்டியில் நாலு நாளைக்கு மேல் வருகிற மருந்து இருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். அவள் ஒரு மாசமாக என்றாள். சைக்கிளை விற்றுவிடலாமா என்று அவரும் அம்மாவும் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து சிரிஞ்சில் கோடு குறைத்து எடுத்திருக்கிறாள். சோதனையில் செங்கல் நிறம் வந்ததும் யாரும் பார்ப்பதற்குள் கொட்டிவிட்டிருக்கிறாள்.

பாய் கத்துகிற மனிதர் இல்லை. அவர் சொன்னதை குர்ஷித் என்னிடம் அப்படியே சொல்லியிருக்கிறாள். அவர்கள் வீட்டில் பேசுவது உருது, நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"மருந்து வாங்குறது என் வேலை. போட்டுக்கறது உன் வேலை. என் வேலைய நான் கம்மியா செஞ்சேனா? நீ மட்டும் ஏன் கம்மியா செஞ்ச?"

அவள் அழுதாள். அவர் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, சைக்கிளை விற்கப் போவதில்லை, அது இருந்தால்தான் செங்கம் ரோட்டு வேலைக்குப் போக முடியும் என்று விளக்கமாகச் சொன்னார். வீட்டில் பணம் எப்படி வருகிறது, எதற்குப் போகிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முதன்முதலாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் ஒரு கோடுகூடக் குறைத்ததில்லை.

அதே நாட்களில்தான் வேலூர் பஸ் கண்டக்டர் சுப்பிரமணி அவர்களுக்குப் பழக்கமானார். மாதத்தில் இரண்டு முறை பாய் விடிகாலை பஸ்ஸில் போய் சாயங்காலம் திரும்புவதை அவர் கவனித்திருக்கிறார். மடியில் வைத்துக்கொள்ளும் ஃபிளாஸ்க்கில் டீயா என்று விளையாட்டாகக் கேட்கப் போய், விஷயம் தெரிந்தது. "இதுக்கு ஒரு நாள் வேலயக் கெடுத்துக்கினு நீங்க வரணுமா பாய்? சீட்டயும் ஃபிளாஸ்க்கயும் குடுங்க, நான் வாங்கியாறேன்" என்றார். வேலூரில் பஸ் நிற்கிற இடைவெளியில் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று வாங்கி, ஐஸ் போட்டுக் கொண்டு வருவார். சாப்பாட்டு நேரம் அதற்கே போய்விடும். வருஷக்கணக்கில் அதைச் செய்தார்.

மருந்து வந்து சேர்ந்தால் போதாது, கெடாமல் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஃபிரிட்ஜ் கிடையாது. பானையில் ஈர மணலைப் போட்டு அதற்குள் ஒரு சின்னச் சட்டியை இறக்கி அதில்தான் புட்டியை வைத்திருந்தார்கள். மற்ற மாதங்களில் அது சமாளித்தது. எழுபத்தைந்தாம் வருஷக் கத்திரியில் மலைக்கல் சூடு ஊருக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. மருந்து புட்டிக்குள் கட்டி கட்டியாகத் திரிந்து போயிற்று. அதைப் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. வாந்தி எடுத்தவளை மறுபடி வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அவள் தேறித் திரும்பிய வாரம், பாய்க்கு சினிமா தியேட்டரில் ஒரு வேலை வந்தது. உயர்ந்த வகுப்பு நாற்காலிகளுக்கெல்லாம் மெத்தை மாற்ற வேண்டும். பகல் காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து தைத்துக் கொண்டிருந்தவர், தண்ணீர் குடிக்க கேன்டீனுக்குப் போனபோது கலர் பாட்டில்கள் வைத்திருந்த ஃபிரிட்ஜைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றாராம். கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த மூர்த்தி, இன்னா பாய், கலர் வேணுமா என்று கேட்க, பாய் எல்லாவற்றையும் சொன்னார். இடத்துக்கு வாடகை தருகிறேன் என்றும் சொன்னார்.

"பாட்டிலுக்கு நடுவுல ஒரு சின்னப் புட்டி. இதுக்குப் போயி வாடகையா? பொண்ண எப்ப வேணா வரச் சொல்லுங்க" என்றார் மூர்த்தி.

சொன்னதோடு விடவில்லை. ஐஸ் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மருந்து உறைந்து வீணாகிவிடும் என்று குர்ஷித் சொன்னதைக் கேட்டு, கீழ்த் தட்டில் ஒரு ஓரத்தை ஒதுக்கி, சோப்பு டப்பாவில் துணியை மடித்துப் போட்டு அதற்குள் புட்டியை வைத்தார். கரண்ட் போகிற நாட்களில், குடிக்க வருகிறவர்கள் அடிக்கடி கதவைத் திறந்து குளிர்ச்சியை விட்டுவிடக்கூடாது என்று கலர் வியாபாரத்தையே நிறுத்திவிடுவார். கோடை முழுக்க குர்ஷித் கொதிக்க வைத்த சிரிஞ்சை டப்பாவில் போட்டுக்கொண்டு காலையிலும் மாலையிலும் தியேட்டருக்குப் போவாள். கேன்டீன் திரைக்குப் பின்னால் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். காலையில் தியேட்டர் பூட்டியிருக்கும். மேலே படம் ஓட்டும் அறையில் வேலை பழகிக் கொண்டிருந்த கவுஸ் பாஷா என்கிற இளைஞன் அங்கேயே தங்கியிருந்தான். அவன்தான் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டு, அவள் போகும் வரை வெளியே ரோட்டில் நிற்பான்.

நான் கண்ணால் பார்த்தது எழுபத்தெட்டாம் வருஷக் கார்த்திகை தீபத்தன்று நடந்தது. ஒரு வாரமாக மழை. குர்ஷித்திடம் இருந்த மருந்து முந்தின நாள் சாயங்காலத்தோடு தீர்ந்துவிட்டது. அன்று காலை வேலூரிலிருந்து சுப்பிரமணி கொண்டு வர வேண்டும். போளூருக்கு இந்தப் பக்கம் ரோட்டில் வெள்ளம் ஏறி, பஸ்களை அங்கேயே நிறுத்திவிட்டார்கள் என்று ஊருக்குள் சேதி வந்தது. பாய் விடிகாலையிலிருந்து பஸ் ஸ்டாண்டில் மழையில் நின்றிருந்தார். முன்னி பேகம் தொழுகைப் பாயை மடிக்கவேயில்லை. குர்ஷித் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துக்கொண்டே, ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

உச்சி வேளையில் ஒரு அம்மாள் தலையில் வெற்றிலைக் கூடையோடு எங்கள் தெருவுக்குள் வந்தாள். முழங்கால் வரை சேறு. தீபத்துக்கு வந்த கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்ததில் முந்தானை கிழிந்திருந்தது. மெத்தைக்கார பாய் வூடு எதும்மா என்று வாசலுக்கு வந்து நின்ற என்னைத்தான் கேட்டாள். நான் காட்டினேன். அவள் கூடையை இறக்கி, மேலே கிடந்த ஈரச் சாக்கை விலக்கி, வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவில் கையை விட்டு ஃபிளாஸ்க்கை எடுத்தாள்.

"போளூர் ஸ்டேஷனாண்ட கண்டக்டரு ஓடியாந்து குடுத்தாருங்க. பஸ்ஸ வுட்டுட்டு அவரு வர முடியாதாம். இது போய்ச் சேந்தே ஆவணும்னாரு."

அவள் பெயர் தனம். சுப்பிரமணியின் பஸ்ஸில் அடிக்கடி கூடை ஏற்றுகிறவள். அன்று தீபக் கூட்டத்தில் வெற்றிலை விற்க ரயிலில் கிளம்பியிருக்கிறாள். ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. கூடை நசுங்காமல் இருக்க அதைச் சுற்றிக் கையை அணைத்தபடியே வந்தாளாம். ஸ்டேஷனில் இறங்கியதும் வியாபாரத்துக்கு நல்ல இடம் பிடிக்கப் போகாமல் நேராக வீடு தேடி வந்துவிட்டாள்.

உள்ளே தண்ணீர் ஏற்கனவே கொதித்துக் கொண்டிருந்தது. குர்ஷித் புட்டியை வாங்கி உள்ளங்கையில் உருட்ட ஆரம்பித்ததும் தனம் திகைத்துப் போனாள்.

"இந்தப் பொண்ணுக்கா? நான் யாரோ வயசானவங்களுக்குனு நெனச்சேன்."

ஊசி போட்டு முடியும் வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. முன்னி பேகம் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, சோறு போட்டார். அவள் பாதி சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது பாய் நனைந்து கொண்டு வந்து சேர்ந்தார். ஃபிளாஸ்க்கையும் மகளையும் அந்த அம்மாளையும் பார்த்தார். சட்டைப் பையில் கையை விட்டார். தனம் அதைப் பார்த்துவிட்டு, அதெல்லாம் வேணாங்க, வெத்தல விக்கத்தான வந்தேன், தீபம் இன்னும் ஏத்தலயே, இனிமே போயி வித்துக்கறேன் என்றாள்.

பாய் பணத்தை எடுக்கவில்லை. அவள் சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலைக் கூடையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் தடுக்கத் தடுக்க, தேரடி வீதி வரை அந்த ஜன நெருக்கடியில் தூக்கிக்கொண்டு போனார். அங்கே தனக்குத் தெரிந்த பாத்திரக் கடைக்காரரிடம் சொல்லி, மழை படாத, கூட்டம் கடந்து போகிற இடமாகப் பார்த்து அவளை உட்கார வைத்தார். மலை மேல் தீபம் தெரிகிற நேரத்துக்கு வெற்றிலை முழுவதும் விற்றுப் போயிருந்தது. அன்று இரவு ரயிலில் கூட்டம் என்று அவளைத் திரும்ப வீட்டுக்கே கூட்டி வந்தார்கள். அதன் பிறகு தீபம் என்றால் தனம் அவர்கள் வீட்டில்தான் தங்குவாள். குர்ஷித் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

இதற்குள் நான் கல்யாணமாகி ஆரணிக்குப் போய்விட்டேன். குர்ஷித்துக்கு யாரும் பெண் கேட்டு வரவில்லை. அவள் அம்மாவோடு சேர்ந்து தையல் வேலை செய்தாள், தியேட்டருக்குப் போய் வந்தாள். எண்பத்தோராம் வருஷம் கவுஸ் பாஷா நசீர் பாயைத் தேடி வந்தான். அப்போது அவன் படம் ஓட்டும் ஆபரேட்டராகவே ஆகிவிட்டிருந்தான். ஆறு வருஷமாகக் கதவு திறந்துவிட்டவன், அவளிடம் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. பாயிடம் நேராகவே கேட்டான். பாய் வியாதியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். அவன், எனக்குத் தெரியாததா மாமா, என்னைவிட ஜாஸ்தி தெரிஞ்ச மாப்பிள்ளை உங்களுக்கு எங்கே கிடைப்பான் என்றானாம்.

அவனுடைய அம்மா ரஹமத்துன்னிசாவுக்கு இது பிடிக்கவில்லை. மறுக்கத்தான் வந்தார் என்பது அவர் உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது என்று குர்ஷித் சொல்வாள். பலகாரத்தைத் தொடவில்லை. பெண்ணைத் தனியாகப் பார்த்து, பிள்ளை பெறுவாயா என்று கேட்டார். குர்ஷித் மறைக்கவில்லை. பெறலாம், ஆனால் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். அந்த அம்மாள், ஊசி போடுவதைக் காட்டு என்றார். மாலை ஊசிக்கு நேரமாகியிருந்தது. குர்ஷித் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, எப்போதும் போலப் போட்டுக்கொண்டாள். ரஹமத்துன்னிசா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தெனம் இப்படியா?"

"தெனம் ரெண்டு வேள."

"எத்தன வருசமா?"

"எட்டு வருசமாச்சு."

"என் பையன் காய்ச்சல் ஊசிக்கே கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சுக்குவான்" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த மாசம் நிக்காஹ் நடந்தது.

மாமியார் வீட்டில் அவளை யாரும் நோயாளியாக நடத்தவில்லை. ரம்ஜான் மாதத்தில் நோன்பு வைக்க முடியவில்லையே என்ற ஏக்கம் அவளுக்கு எப்போதும் உண்டு. ரஹமத்துன்னிசா அவளைக் கூப்பிட்டு, தெருவுக்கே கஞ்சி காய்ச்சும் வேலையை அவளிடம் விட்டுவிட்டார். நடு மத்தியானம் அவளுக்கு வேர்த்து நடுங்கினால் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுப்பதும் அவரேதான், தான் நோன்பில் இருந்துகொண்டே.

எண்பத்து நாலில் குர்ஷித் உண்டானாள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் மருந்து இரண்டு பங்காயிற்று. நிறம் பார்ப்பது நாளைக்கு நாலு தடவை ஆயிற்று. கவுஸ் பாஷா காலைக் காட்சிகளையும் சேர்த்து ஓட்டினான். டாக்டரம்மா தலைமுடி நரைத்து, இன்னும் அங்கேயே இருந்தார். கடைசி ஒரு மாசம் வேலூரிலேயே தங்க வைத்தார். நாள் நிறைவதற்கு முன்பே வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். ஆண் குழந்தை, பெரிய குழந்தை. பிறந்ததும் அதன் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப் போய், ஒரு பகலும் ஒரு ராத்திரியும் எல்லோரும் வராந்தாவில் நின்றார்கள். மறுநாள் காலை வீறிட்டு அழுத குழந்தையை நர்ஸ் வெளியே தூக்கி வந்து காட்டினாள். அதன் காதில் பாங்கு சொல்ல நசீர் பாயைத்தான் கூப்பிட்டார்கள். பாதியில் ஒரு வரி விட்டுப் போயிற்று. நிறுத்தி, மூச்சு வாங்கி, திரும்ப முதலிலிருந்து சொன்னார்.

எண்பத்தெட்டாம் வருஷம் பொங்கல் விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது அவள் வீட்டுக்குப் போனேன். அப்போது சின்னக்கடைத் தெரு மருந்துக் கடையிலேயே இன்சுலின் கிடைக்க ஆரம்பித்திருந்தது. பிளாஸ்டிக் சிரிஞ்சும் வந்துவிட்டது. விலைதான் ஏறிக்கொண்டே இருக்கிறது என்றாள். ஆட்டுரலில் மாவு ஆட்டிக்கொண்டே பேசினாள். நானும் மாவைத் தள்ளிவிட்டுக் கொண்டிருந்தேன். நான் கேட்டேன், உனக்கு இந்த வியாதி மேல் எப்போதாவது கோபம் வந்திருக்கிறதா என்று.

"வராம இருக்குமா? ராத்திரி படுத்துகினு ஏன் எனக்குன்னு எவ்ளோ நாள் அழுதிருக்கேன். ஆனா கோவப்படணும்னா யாராவது ஒருத்தர் மூஞ்சி ஞாபகத்துக்கு வரணும் இல்ல? எனக்கு வர்ற மூஞ்சியெல்லாம் எனக்குன்னு ஓடுனவங்களோடதா இருக்குது. அப்புறம் எங்க கோவப்படறது?"

சொல்லிவிட்டுக் குழவியை நிறுத்தி, மாவு பதம் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஓட வேண்டும் என்று தண்ணீர் தெளித்தாள். வாசலில் பையன் யாரோடோ சண்டை போடும் சத்தம் கேட்டது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் எழுந்து போனாள். நான் குழவியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தேன்.